நாற்றம்

மெங்ஹாயில் ஏழாம் எண் குவியல்
என் நெஞ்சு உயரம்.
பத்து டன் இலை, கிணற்று நீர்,
மேலே நனைத்த சாக்கு.
யாரும் தீ வைக்கவில்லை,
உள்ளே ஐம்பத்தெட்டு டிகிரி.
கம்பியை நுழைத்து அளந்து
சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதுவது என் வேலை.
அறுபத்தைந்தைத் தொட்டால்
நடுராத்திரியானாலும் கிளறியாக வேண்டும்.
விட்டால் கரிந்துபோகும்.
கரியைக் காய்ச்சி யார் குடிப்பார்கள்?

கிளறும்போது எழும் ஆவி
கண்ணைக் கரிக்கும்.
வற்றிய குளம், மீன்கூடை, குதிரை லாயம்,
எல்லாம் ஒரே மூச்சில் ஏறும்.
வீட்டு வாசலில் மனைவி
முதலில் சட்டையை வாங்கிக்கொள்வாள்,
குளித்த பிறகுதான் என்னை.

சுவை பார்க்க வருபவள் துவான் சுயிங்.
வெள்ளிக்கிழமை தோறும்
ஒரு பீங்கான் கரண்டியும்
துப்புவதற்கு ஒரு தகரக் குவளையுமாக.
அவள் உறிஞ்சும் சத்தம்
துணி கிழிப்பது போலிருக்கும்.

போன குளிர்காலக் காய்ச்சலில்
அவள் மூக்கு செத்துவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
ஆவி பறக்கும் குவியலருகே நின்று
ஒரு ஆரஞ்சை உரித்து
சுளை சுளையாக, நிதானமாகத் தின்றாள்.
அந்த இடத்தில் எவரும் எதையும் தின்றதில்லை.

நானும் யாரிடமும் சொல்லவில்லை.
பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மூடிக் கிண்ணத்தில் ஏழு கிராம்.
தளதளவென்று கொதிக்கும் நீர்.
முதல் ஊற்றல் கழுவ,
இரண்டாவதும் கழுவ.
மூன்றாவதை ஊற்றிய கையோடு வடிப்பாள்.
மூடியைத் தூக்கி முகரும் பாவனை
பழையபடியே இருந்தது.
பாரமெல்லாம் இப்போது உதட்டின் மேல்,
அண்ணத்தின் மேல்.
கஞ்சித் தெளிவு போலக் கனக்கிறதா?
தொண்டையைத் தாண்டும்போது பிடித்து இழுக்கிறதா?
கோப்பையைச் சன்னல் பக்கம் சாய்ப்பாள்:
நடுவில் கருப்பு, விளிம்பில் மாதுளை.
கடைசியில் ஊறிய இலையை
இரண்டு விரலால் நசுக்குவாள்.
மசிந்தால் தேறியது.
மணல் போல நெருடினால்
ஏதோ ஓர் இரவு நான் தூங்கியிருக்கிறேன்.
அவள் என்னைப் பார்ப்பாள்.
நான் சுவரைப் பார்ப்பேன்.

குவாங்சோவிலிருந்து வந்த வியாபாரி கௌ
ஐந்தாம் குவியலின் வில்லையைப் பிட்டு முகர்ந்து
"பழுத்த பூஅர் கேட்டேன், மீன் கேட்கவில்லை" என்றான்.
"ஆறு மாதம் காற்றாடட்டும், போய்விடும்" என்றாள் சுயிங்.
"சரி, என்ன மீன்? நீங்களே சொல்லுங்கள்."
அவள் மூடியை முகர்ந்தாள்.
மறுபடி முகர்ந்தாள்.
"கெண்டை" என்றேன் நான், தரையைப் பெருக்கியபடி.
கௌ சிரித்துவிட்டான், விலையும் படிந்தது.
பேரேட்டில் அவள் கெண்டை என்றே எழுதினாள்.
அன்று கிளம்பும்போது
என் தொப்பிக்குள் இரண்டு ஆரஞ்சு கிடந்தன.

ஜூன் மழை.
ஏழாம் குவியலுக்கு நாற்பத்தோராம் நாள்.
நான் சாக்கை உருவிய நேரம்
குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தவள்
இரண்டடி வைத்து நின்றாள்.
புறங்கையை மூக்கில் வைத்தாள், எடுத்தாள்.

"நாறுகிறது."

மணத்துக்கும் துர்நாற்றத்துக்கும்
ஒரே பெயர் இருந்த காலத்து மனுஷி போலச் சொன்னாள்.
கண்ணில் நீர். ஆவிதான், எல்லோருக்கும் வரும்.
"இன்னொரு மூலையைத் தூக்கு" என்றாள்.
தூக்கினேன். "அதையும்." தூக்கினேன்.
மீன், சேறு, குதிரை
எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல
குவியலைச் சுற்றி நடந்தாள்,
காலணி நனைய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.

வடக்கு மூலைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.
குனிந்தாள்.
"இங்கே கரிந்திருக்கிறது" என்றாள் மெதுவாக.

முப்பதாம் நாளுக்கு நேராக
என் கையெழுத்தில் ஐம்பத்தெட்டு.
உள்ளங்கையால் அதை அழித்தேன்.
வாரியை எடுத்து நீட்டினாள், ஒன்றும் கேட்காமல்.
நான் தோண்டினேன்.